நோயாளியின் அட்டை

இரவு எட்டரைக்கு மேல் என் பெயர்
மிஸ்டர் ஹார்ட்லி.
வயது அறுபத்தெட்டு. சர்க்கரை.
வலது பாதத்தில் ஆறாத புண்.
தனியாக இருக்கிறேன், யார் சொல்லையும் கேட்பதில்லை.
அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

விடிவதற்கு முன்னால்
அருமனைப் பக்கம் முந்நூற்றைம்பது ரப்பர் மரத்தில்
பால் வெட்டுகிறவன்.
பெனிற்றாவுக்கு எழுத்துத் தேர்வில் வேண்டியதும்
முந்நூற்றைம்பது.
ஆவணியில் வந்த ரிசல்ட்டில் முந்நூற்று நாற்பது.
பத்து மரம்தானே என்றேன்.
அந்தப் பத்து மரத்துக்கு
எனக்க ரெண்டு வளையல் திருவட்டாற்றில கிடக்கு என்றாள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி, மாடியில் வகுப்பு.
ஜன்னலுக்கு நேராகவே பஸ் போகும்.
கேட்கும் தேர்வில் எதுவும் ஒரே தடவைதான் ஒலிக்குமாம்.
ஸ்காட்லாந்துக்காரி ஒருத்தி மருந்தின் அளவைச் சொன்ன நேரம் பார்த்து
களியக்காவிளை பஸ் ஹாரன் அடித்தது.
இருபத்தெட்டுப் பேரும் அந்தக் கட்டத்தை
வெள்ளையாகவே விட்டார்களாம்.
நைட் டூட்டி முடிந்து நேரே வகுப்புக்குப் போய் வந்தவள்
அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.
சாயா டம்ளரை நான்தான் கையிலிருந்து எடுத்தேன்.

என் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருக்கிறாள்:
வென் கேன் ஐ கோ ஹோம், நர்ஸ்?
ஹோமை ரொம்ப நீட்டுறீங்க என்கிறாள்.
நீண்டால் என்ன, வீடுதானே.

நான் வலிக்கிறது என்றதும்
அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து,
'ஐ கேன் சீ திஸ் இஸ் டிஃபிகல்ட் ஃபார் யூ'
என்று சொல்ல வேண்டும்.
அந்த ஒரு வரிக்குத் தனி மார்க்.
ஒன்பது வருடமாக வார்டில்
ஊசி குத்தும்போது அவள் சொல்கிற
'ஒண்ணுமில்ல மக்களே, கண்ண அடச்சுக்கோ'வுக்கு
எத்தனை மார்க் என்று
மாடியில் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு டைமர் போடுவது ஆஷ்னி.
ஒன்றாம் வகுப்பு. கண்டிப்பானவள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பாதியில் கறண்டு போனது.
அட்டை தெரியவில்லை.
மகள் முகம் மட்டும் போன் வெளிச்சத்தில்,
நொடிகள் குறைவதையே பார்த்துக்கொண்டு.
ஹார்ட்லிக்கு அடுத்த வரி ஓர்மை இல்லை.
வாயில் வந்ததைக் கேட்டேன்:
'நீ போன பொறவு
நாங்க அங்க வாறதுக்கு எத்தன வருசம் ஆவும்?'

ஆஸ்பெஸ்டாசில் மழை.
தலையைச் சாய்த்திருப்பாள். இருட்டு.
'ஐ கேன் சீ திஸ் இஸ்...'
அதற்கு மேல் வரவில்லை.
டைம் அப் என்று கத்தினாள் ஆஷ்னி.

கறண்டு வந்தபோது
பெனிற்றா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
கார்டுல இல்லாதத கேக்கப்பிடாது கேட்டீங்களா,
எனக்க மார்க்கு போவும்.

பால் வெட்டுக்கும் அதுதான் சட்டம்.
கத்தி பட்டையோடு நிற்க வேண்டும்.
தடியைத் தொட்டுவிட்டால்
அந்த இடம் முண்டு கட்டும், பிறகு வெட்டவே முடியாது.
பதினாறு வருடத் தொழில்.
ஹெட்லைட் இல்லாததால் கை தவறிவிட்டது.

தேர்வு திருவனந்தபுரத்தில்.
முதல் ரயிலுக்குக் குழித்துறை ஸ்டேஷனில் நின்றோம்.
உள்ளே அவளுக்கு எதிரே
வேறு யாரோ நோயாளியாக உட்காருவார்கள்,
நல்ல இங்கிலீஷ் தெரிந்த நோயாளி.
வெளியே மரத்தடியில்
விரலிடுக்கில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை
உரித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்றரைக்கு வந்தாள்.
எப்படி என்று கேட்டேன்.
பாட்டிலை வாங்கி வெள்ளம் குடித்தாள், முழுக்க.

'நோயாளி கொள்ளாம்.
ஒண்ணும் கேக்கல்ல.'