பூஜ்யம் கிரெடிட்

ஆறு செமஸ்டர், அறுபது கிரெடிட்.
எக்செல் தாளில் மூன்று வருடத்தைக்
கட்டம் கட்டமாய் விரித்து வைத்திருக்கிறேன்,
மொங்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில்.
மின்சாரம் போக
இன்னும் நாற்பது நிமிடம்.

கட்டாயப் பாடத்துக்கு நீலம்.
விருப்பப் பாடத்துக்கு மஞ்சள்.
ஒன்றின் வாலை ஒன்று கவ்வி நிற்பவற்றுக்குச் சிவப்பு:
புள்ளியியல் முடிக்காமல் நோய்ப்பரவலியல் கிடையாது,
நோய்ப்பரவலியல் முடிக்காமல்
நெருக்கடிகாலத் தலைமை கிடையாது.

எனக்கு எல்லாம் தலைகீழாய் நடந்தது.
முதலில் நெருக்கடி வந்தது.
பிறகு தலைமை; ஏனென்றால் மேலதிகாரி
மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
புள்ளியியலுக்கு இப்போதுதான்
விண்ணப்பம் போடுகிறேன்.

லுசாகாவிலிருந்து பேராசிரியர் கபாம்ப்வே
திரையில் உறைந்து உறைந்து பேசுகிறார்:
"நமக்காவு, கனமான பாடங்களை ஜனவரியில் வையுங்கள்.
புது வருடம், புது மனசு."
ஐயா, ஜனவரியில் இங்கே ஜாம்பேசி எழும்.
மனிதர்கள் மேட்டுக்கு ஏறுவார்கள், மாடுகள் ஏறும்.
கழிப்பறைக் குழிகள் மட்டும்
இருந்த இடத்திலேயே இருக்கும்.
அதன் பின்னால் வருவது
பாடத்திட்டம் பார்த்து வராது.

நீலக் கட்டங்களை ஜூலைக்கு இழுக்கிறேன்.
சிவப்புகள் கூடவே வந்து
ஏழாவது செமஸ்டரில் விழுகின்றன.
ஏழாவது செமஸ்டருக்கு உதவித்தொகை இல்லை.
திரும்பத் தள்ளுகிறேன்.

ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு கேள்வி:
இது உங்கள் தலைமைத் திறனை எவ்வாறு வளர்க்கும்?
நூறு சொற்களுக்குள்.

போன மார்ச்சில், காலரா வந்தபோது,
துறையின் மீன்சந்தையைப் பதினொரு நாள் மூடினேன்.
கையெழுத்து என்னுடையது.
ஒன்பதாம் நாள் லிசேலி என்ற வியாபாரி
ஒரு கூடை அழுகல் மீனைக் கொண்டுவந்து
இதே மேசைமேல், இந்த லேப்டாப் பக்கத்தில் இறக்கினாள்.
"எண்ணு. இதையும் உன் பட்டியலில் சேர்."
எண்ணவில்லை. எங்கள் பட்டியலில்
நோயாளிகளுக்குத்தான் வரிசை இருந்தது.
அந்த வரிசை இறங்கியது.
சந்தையை மூடியதாலா,
குளோரின் லாரி வந்து சேர்ந்ததாலா,
மழை தானாய் ஓய்ந்ததாலா,
தெரியாது.
மாகாணத்திலிருந்து சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது.
வாங்கி, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

இதை எப்படி நூறு சொற்களில்?

நேற்று சிடாலியின் படகில்
கலாபோ கிளினிக்குகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு போனேன்.
இருபத்திமூன்று வயது, இஞ்சின் சத்தத்தை மீறிக் கத்துகிறான்:
"படிச்சு முடிச்சா ஊசி போடுவீங்களா?"
"மாட்டேன்."
"ஊசி போடாத டாக்டருக்கு எதுக்கு மூணு வருஷம்?"
"எதை மூடணும், எதை மூடக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க."
நாணலை விலக்கிக்கொண்டே சிரித்தான்.
"சந்தையைச் சொல்றீங்களா?
அது மூடவே இல்லையே.
ராத்திரி மணல்திட்டுல கூடிச்சு.
ஆளையும் கூடையையும் ஏத்திப் போய் இறக்கினதே நான்தான்.
தலைக்கு அஞ்சு க்வாச்சா.
உங்க ஆபீசுல யாரும் கேக்கலையே?"

யாரும் கேட்கவில்லை.
தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
மணல்திட்டில் கழிப்பறை உண்டா என்று
கரை வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.
"மணல்திட்டுல எதும்மா?" என்றான்.

பதினேழு நிமிடம்.
புள்ளியியலுக்கு மேலே
ஒரு வரிசை நுழைக்கிறேன்.
பாடத்தின் பெயர்: படகுக்காரனிடம் கேட்டல்.
நடத்துபவர்: சிடாலி.
கிரெடிட்: பூஜ்யம்.
நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.
சிவப்பு.

பேராசிரியர் இதை அழிப்பார்.
நானே நாளைக் காலை அழிக்கலாம்.
இப்போதைக்குக் கூட்டிப் பார்க்கிறேன்:
அறுபது.
அப்படியேதான் இருக்கிறது.