நியூட்ரலில் விடக்கூடாத வண்டி

பாபுராவ் தெருவுக்குப் பின்னால்
முப்பது கார் நிற்கிற இடத்தில்
நாற்பத்தாறு நிறுத்துகிறோம்.
எப்படி என்றால்
என் இரண்டு கையையும் காட்டுவேன்.

"நியூட்ரல்ல வுடு சார், ஹேண்ட்பிரேக் போடாத."
ராஞ்சி வண்டிக்கும் இதே பேச்சு, ஆம்பூர் வண்டிக்கும் இதே பேச்சு.
நியூட்ரலில் விட்ட வண்டி
பந்தியில் பருத்த மாமா நகர்ந்து உட்காருவதுபோல்
கொஞ்சம் முனகி இடம் விடும்.

கத்திரி பிறந்த மூன்றாம் நாள்
வெள்ளை வண்டி ஒன்று வந்தது.
நோட்டில் எழுதினேன்:
வசந்தகோகிலம், குடியாத்தம்.
வீட்டுக்காரரை வாசலிலேயே
சக்கர நாற்காலி வாங்கிக்கொண்டதாம்.
பின்சீட்டுத் தலையணையில்
ஒரு தலையின் பள்ளம் இன்னும் இருந்தது.

"நியூட்ரல்ல வுடுங்கம்மா."
"இத அப்படி வுடக் கூடாதுப்பா."
பிரேக்கை மிதித்தபடி
கைபிரேக்கை முதலில் இழுத்தார்,
அப்புறம்தான் குச்சியை 'பி'க்குத் தள்ளினார்.
"மாத்திப் போட்டா
வண்டி பாரம் முழுக்க உள்ள இருக்குற
ஒரு சின்னப் பல்லு மேல வுழும்."
சாவியைக் கையில் வைத்தார்.
"ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு.
ஒரு சாண் முன்னால, ஒரு சாண் பின்னால.
டயர் ஒரே எடத்துல நசுங்கக் கூடாது."
சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ராணிப்பேட்டைத் தோல் லாரியில்
பதினாறு வருஷம் கிளட்ச் மிதித்த கால் என்னுடையது.
முதல் நாளே அது தன் வேலையைத் தேடி
அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது.
ஸ்டியரிங்கில் நெற்றி.
தயாளன் டீயைத் துப்பிச் சிரித்தான்.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
இப்போ கிளட்ச் இல்லாத காரா?

அதற்குப் பிறகு
இடது காலைச் சீட்டுக்கடியில் மடக்கி வைத்தேன்,
பேசக்கூடாத சொந்தக்காரனை
உள்ளறையில் உட்காரவைத்த மாதிரி.

நாலாம் நாள் நான் சாப்பாட்டுக்குப் போன நேரம்,
காட்பாடியில் ரயிலைப் பிடிக்க வேண்டிய மால்டாக்காரர்கள்
வெள்ளை வண்டியை நாலு பேராகத் தள்ளியிருக்கிறார்கள்.
சின்னப் பையனும் சேர்ந்து தள்ளினானாம்.
அசையவில்லை.
ஓடிவந்து சாவியைப் போட்டேன்.
அந்தச் சின்னப் பல் விடுபடும்போது
'கடக்' என்றது.
கோவில் தேருக்குக் கட்டை எடுப்பதுபோல் இருந்தது
எனக்கு மட்டும்.

வேப்பம்பூவைத் தினமும் துணியால் தட்டினேன்,
தேய்த்தால் கோடு விழும்.
ஸ்டியரிங் மேல் ஈரத் துண்டு போட்டேன்.
இது அவர் சொல்லாதது.

பன்னிரண்டாம் நாள் காலை வந்தார்.
அதே புடவையா, அதே நிறத்தில் வேறொன்றா, தெரியவில்லை.
உள்ளே உட்கார்ந்து, என்ஜினைப் போட்டு, ஏசியைப் போட்டு,
நகராமல் இருந்தார்.
நான் கண்ணாடியைத் தட்டவில்லை.
பின்னால் ஒருத்தர் ஹாரன் அடித்தார்.
அவரைப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடி இறங்கியது.
"கிலோமீட்டர் அப்படியே இருக்குதே."
"ஓடினதும்மா. எங்கியும் போவல."
"அவரும்தாம்ப்பா," என்றார்,
"மிஷின்ல ஒம்பது நாளு.
ஓடிகினே இருந்தார். எங்கியும் போவாம."

பணத்தை எண்ணிக் கொடுத்தார்.
"ஊட்டுக்குப் போயி
நல்ல வேட்டி ஒண்ணு எடுத்துகினு வரணும்."
எதற்கென்று நான் கேட்கவில்லை.
டிஸ்சார்ஜ் ஆகிறவர்களும்
நல்ல வேட்டிதான் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

கடக்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், அவ்வளவுதான்.
ஆக்சிலேட்டரைத் தொடாமலே
வண்டி தானாக ஊர்ந்தது, மெதுவாக,
தள்ள யாரும் இல்லாமல்.

அது நின்ற இடத்தில்
பூ விழாத ஒரு கட்டம்.
அதற்குள் ஒரு நெல்லூர் வண்டி மூக்கை நுழைத்தது.
"நியூட்ரல்ல..." என்று ஆரம்பித்தேன்.
நிறுத்தி, குனிந்து, உள்ளே பார்த்து,
"கியர் வண்டிதானே சார்?" என்றேன்.