சாக்பீஸ் சுவர்கள்

மனை பள்ளம்.
ரோட்டு மட்டத்துக்கு நிரப்ப
நூற்றுப்பத்து லோடு கிராவல் என்றார் என்ஜினீயர் ஜெபமணி.
அந்தக் காசுக்குக் கீழே ஒரு தளமே வந்துவிடும் என்று
கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில்
கணக்குப் போட்டவர் இவர்தான்.
அப்படித்தான் வண்டியூர்க் கண்மாய்க்கு மேற்கே
தெருவில் யாருக்கும் இல்லாத ஒன்று
எங்களுக்கு வாய்த்தது.
"அண்டர்கிரவுண்ட் வீடு" என்று
பால்காரர் அடையாளம் சொல்கிறார்.

மேலே குடிவந்து எட்டு மாதம்.
கீழே இன்னும் வெறும் சிமெண்ட்.
இருபத்தாறுக்குப் பதினெட்டு, நடுவில் இரண்டு தூண்,
கிழக்குச் சுவரின் உச்சியில்
முழ உயரத்துக்கு ஒரு ஜன்னல்.
அதில் போகிறவர்களின் செருப்பு தெரியும்.
சில நேரம் ஒரு நாயின் நாலு கால்.

ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு இறங்கினோம்.
அமுதினி எட்டுக்குப் பத்து வரைந்துகொண்டு
வாசலில் "தட்டவும்" என்று எழுதினாள்.
நான் ஜன்னலடியில்
டியூஷன் பிள்ளைகள் பன்னிரண்டு பேர்
சம்மணம் போட்டால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று
நானே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து அளந்தேன்.
இவர் ஈசானிய மூலைக்குப் போய்
குத்துக்காலிட்டு
ஆறேகாலுக்கு மூன்று ஒரு கட்டம் போட்டார்.

"என்னங்க இது?"
"விருந்தாளி வந்தா."

இதுவரை வந்து தங்கிய விருந்தாளி ஒருவர்தான்,
கேஸ் அடுப்பு பழுதுபார்க்க வந்து
மழையில் மாட்டிக்கொண்டவர்.
கட்டத்துக்குப் பக்கத்தில்
சின்னதாய் ஒரு வட்டம். தண்ணீர்ச் செம்பாம்.
விருந்தாளிக்கு ராத்திரி மூன்று மணிக்குத் தாகமெடுக்கும் என்று
இவருக்கு எப்படித் தெரியும்?
நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் போனது.
குழம்புக் கரண்டியோடு கீழே போனாலும்
சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல்
வாசல் வழியாகவே நுழைந்தோம்.

பைபாஸ் ரோட்டுக் கடையில்
"மரம் மாதிரியே இருக்கும் மேடம், மரம் இல்லை" என்றான் பையன்.
விட்ரிஃபைடு வழுக்கும் என்றார் இவர்.
வினைல் வெயிலுக்கு உப்பும் என்றேன்.
கீழே ஏது வெயில் என்றார்.
ஸ்கர்ட்டிங் மூன்று இஞ்சா நான்கு இஞ்சா என்று
கரும்புச்சாறு தீரும்வரை பேசினோம்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷம்.
இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி
எத்தனை நாளாயிற்று என்பதை
அவரும் யோசித்திருப்பாரோ என்னவோ,
வண்டியில் வரும்போது பேசவில்லை.

கொத்தனார் இருளாண்டி
எந்த சாம்பிளையும் தொடவில்லை.
"மொதல்ல தரை என்ன சொல்லுதுன்னு கேப்போம்மா."
நாலு இடத்தில் பாலித்தீன் தாள் விரித்து
ஓரமெல்லாம் டேப் ஒட்டி,
"ஒரு பகலு ஒரு ராத்திரி. யாரும் மிதிக்காதீங்க."

விடிவதற்கு முன்பே நான் மட்டும் இறங்கினேன்.
தூணடியில் இரண்டும் காய்ந்து கிடந்தன.
என் ஜன்னலடியிலும் ஒன்றுமில்லை.
ஈசானியத்தில், அந்தக் கட்டத்துக்குள்,
தாளின் அடிப்பக்கம்
வியர்த்த மேலுதடு போலப்
பொடிப்பொடியாய்த் துளிகள்.
விரலால் மேலே தொட்டேன்.
மேலே ஈரமே இல்லை.

"கண்மாய்த் தண்ணி அங்கிட்டிருந்து இங்கிட்டு வருது.
எதை ஒட்டினாலும் உரிஞ்சிரும்.
கடப்பாக்கல்லு போட்டு
மூச்சு விட விட்டுருங்க.
மேல ஒண்ணும் வைக்காதீங்க."
சொல்லிவிட்டுக் கொத்தனார் டீக்குப் போனார்.

இவர் செருப்புக் காலால் கட்டத்தைத் தேய்த்தார்.
மூன்று பக்கம் அழிந்தது.
வட்டம் அப்படியே இருந்தது.
"அப்ப கட்டிலை எங்கிட்டுப் போடுறது?"
விருந்தாளி என்று சொல்ல மறந்திருந்தார்.

டேப்பின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டு
எந்தச் சுவர் என்று தெரியாமலே
பின்னால் நடந்தேன்.

"இழுத்துப் பிடி," என்றார்.
"நடுவுல தொய்யுது."