அசையும் சொத்து

ஆளுநர் என்றதும்
டொராண்டோவிலிருந்து மச்சாள் கேட்டாள்:
மாளிகை தருவினமோ, வாசலில் காவல் நிக்குமோ?
வெள்ளரிக்காய் சான்ட்விச் தருவினம் என்றேன்,
வெட்டி இரண்டு மணித்தியாலம் ஆனது.
சம்பளம்?
இல்லை. ரயில் காசு உண்டு,
சீட்டை ஒட்டி அனுப்பினால்.

வருடத்துக்கு ஐந்து தடவை
லீட்ஸிலிருந்து ஹல்லுக்கு.
கடைசிக் கால் மணித்தியாலம் ரயில்
ஹம்பரை ஒட்டியே ஓடும்.
பால் தேநீர் நிறத் தண்ணீர்;
எது ஆறு, எது சேறு என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நான் மருந்தாளர்.
மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாய் மடித்த தாளை
இருபத்தாறு வருடமாய் விரித்து வாசிப்பவள்.
பக்கவிளைவுகளைப் பின்பக்கத்தில்தான் வைப்பார்கள்,
சின்ன எழுத்தில்.
இருநூற்று நான்காம் பக்கம், பின்னிணைப்பு ஈ:
நிலவியல் துறையை மூடுதல்.

மேசையில் பெயர் அட்டைகள்.
ட்ரூரி, மோஸ், பெல்
எல்லாம் ஒரே அளவு.
யோகரூபி கனகேந்திரனுக்கு மட்டும்
எழுத்தை இரண்டு படி இறக்கியிருந்தார்கள்,
அட்டை போதாமல்.

தலைவர் ட்ரூரி நல்ல மனிதர்.
கப்பல் காப்புறுதியில் முப்பது வருடம்;
குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.
முதலாமாண்டில் பதினொரு பேர் என்றார்,
அதிலும் நாலு பேர் வேறு துறை கேட்கிறார்கள்.
கணக்கை ரயிலிலேயே
பென்சிலால் இரண்டு தரம் பார்த்திருந்தேன்.
பிழை இருக்கவேண்டும் என்று விரும்பித்தான் பார்த்தேன்.
பிழை இல்லை.

மாணவர் சங்கத் தலைவி கெயிலி
ஸ்வெட்டர் கையை விரல்நுனி வரை இழுத்துக்கொண்டு
எதிர்க்கிறேன் என்றாள்.
ஏன் என்று எழுதி வந்த தாள்
பையில் எங்கேயோ.
தேடினாள். காத்திருந்தோம்.
யாரோ கரண்டியைச் சாசரில் வைத்த சத்தம்.
கிடைக்கவில்லை.
எதிர்க்கிறேன் என்றாள் மறுபடி.

நான் கை தூக்கினேன்.
ஆதரவாக.

இறக்கும்போதுதான் கேட்டேன்:
கற்கள் எங்கே போகும்?

ஒருவரும் சிரிக்கவில்லை,
அதைச் சொல்லவேண்டும்.
செயலர் பேனாவைத் தூக்கி, யோசித்து, எழுதினார்.
ஆறு கிழமை கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது:
“உறுப்பினர் ஒருவர் அசையும் சொத்துகள் பற்றி வினவினார்.
குறித்துக்கொள்ளப்பட்டது.”

உறுப்பினர் ஒருவர்.
சின்ன எழுத்துக்கூட இல்லை இப்போது.
அசையும் சொத்தாம்,
முப்பது கோடி வருடம்
கடலடியில் சும்மா கிடந்தவை.

மே மாதம், கூட்டம் எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை
லீவு போட்டுவிட்டுப் போனேன்.
நிலக்கீழ் அறை. ஒரே ஒரு குழல்விளக்கு.
கீத் பர்னபி, ஆய்வுகூட உதவியாளர்,
இழுப்பறைகளுக்குச் சுண்ணக்கட்டியால் எண் போட்டுக்கொண்டிருந்தார்.
ஒன்றில் கல் இல்லை, சீட்டு மட்டும்:
இரவல், 1968. திரும்பவில்லை.
அதற்கும் எண் போட்டார்.
‘வந்தால் இருக்க இடம் வேண்டாமா’ என்றார்.

பிறகு, திரும்பாமலே:
‘நீங்கள் அந்த அறையில் இருந்தவரா?’

‘ஓம்’ என்றேன். ஆங்கிலம் வரவில்லை.

‘எப்படி வாக்களித்தீர்கள்?’

விதி பதினான்கு: வாக்கு வெளியே பேசப்படாது.
‘கை தூக்கினேன்’ என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நேரம் எடுத்துத் துடைத்தார்.
சுண்ணாம்புக்கல் இழுப்பறையை
முழுதாய் வெளியே இழுத்து
ஒரு முனையை இடுப்பில் தாங்கிக்கொண்டு,
‘அந்தப் பக்கம் பிடியுங்கள்’ என்றார்,
‘முழங்காலை மடித்து.
முதுகால் தூக்காதீர்கள்.’