நகப்பூச்சு

கண்ணாடித் தகட்டின் நான்கு ஓரத்தையும் அடைக்க
நகப்பூச்சைப் போல ஒன்றில்லை.
காற்று புகாது. சோழிங்கநல்லூர் ஃபேன்ஸி கடையில்
முப்பது ரூபாய். ரோஸ் நிறம் வாங்குவேன்.
விதிப்புத்தகம் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எதிரே இருபத்திரண்டு மாடி எழும்புகிறது.
அதை எழுப்புகிறவர்களுக்குத் தகரக் கொட்டகை, அறுபது.
என் ஆய்வகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி:
போன், அதன் கண்ணைத் துணிக்கவ்வி போலக் கவ்வியிருக்கும் லென்ஸ்,
ஊசிகள், பஞ்சு.
குத்தியதற்குக் கூலியாகப் பிள்ளைகள்
அதே விரலின் நகத்தை நீட்டுகிறார்கள்.
பூசிவிடுகிறேன். பையன்களுக்கும்.

ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு மருந்து.
மருந்து ரத்தத்தின் மூச்சைப் பறிக்கும்.
அரை மணி நேரம் கழித்து
மூச்சில்லாமலும் வட்டமாக இருப்பவை எத்தனை,
வளைந்தவை எத்தனை என்று போன் எண்ணிச் சொல்லும்.
நடுவே என் வண்டிக்கடன் தவணை நினைவூட்டல்
அணுக்களின் மேல் வந்து விழும். தள்ளிவிடுவேன்.
பதினொரு மணி வெயிலில்
'சற்று ஆறவிடவும்' என்று தானே அணைந்துகொள்ளும்.
மோர் பாக்கெட்டின் மேல் கிடத்தி
முந்தானையால் விசிறுவேன்.
இதற்கும் விதி இல்லை.

ஜிலி. ஆறு வயது. ஊர் பலாங்கீர்.
கண்ணில் மஞ்சள். மழை பிடித்தால் முழங்காலில் வலி.
அவள் ரத்தம் மருந்துக்குக் காத்திருக்கவில்லை,
வெறும் தகட்டிலேயே அரிவாள்கள்.
அம்மா கேதகிக்கு அரை மணியில் வளைந்தது.
அப்பா உத்தப் மாஜிக்கு
வட்டம்.
இரண்டாவது தகடு போட்டேன்.
வட்டம், வட்டம்,
எண்ணி முடித்த போன் பச்சை காட்டியது.

பயிற்சியில் பலகையில் எழுதிப் போட்டார்கள்:
பாதி தாயிடமிருந்து, பாதி தந்தையிடமிருந்து.
ஒரு பாதி இதோ.
இன்னொன்று?

ஒளிப்பானேன், என் புத்தி
போகிற வழியில்தான் போனது.
கேதகியின் கண்ணாடி வளையல்களைப் பார்த்தேன்.
பக்கத்துக் கொட்டகை மேஸ்திரியைப் பார்த்தேன்.
'தந்தை: ஆம் / இல்லை. பதிவேற்றவா?' என்றது திரை.
இமையில் சிமெண்டோடு உத்தப் குனிந்து நின்றான்,
என்ன வந்தது என்று.
சிக்னல் இல்லை, என்றேன்.
கோடுகள் நான்கும் நின்றன.

ஒன்பது நாள் கழித்து, எழும்பூர் ஆஸ்பத்திரி.
கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்த டாக்டரம்மா
காகிதத்தைப் புரட்டினார்:
"இவருக்கும் இருக்குங்க. வேற மாதிரி.
தலசீமியா. அணு சிறுத்துப் போகும், வளையாது.
வளைஞ்சதை மட்டும் தேடுற உங்க போனுக்கு
இது எப்படித் தெரியும்?
அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு.
குழந்தைக்கு ரெண்டும்."

வேற மாதிரி. அதற்கு இந்தி தேடினேன், கிடைக்கவில்லை.
"ஆதா ஆப்கா," என்றேன்.
என்னுடையதுமா, என்று கேட்டான்.
மறுபடியும் கேட்டான்.
அவன் முகத்தில் வந்தது துக்கம்தானா,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஜிலியின் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து
அந்த ஒற்றை விரலை, ரோஸ் பாதி உதிர்ந்திருந்த நகத்தை,
தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கேதகி அவனைப் பார்க்கவில்லை.
காகிதத்தையும் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
அன்று போன் திரையில் நின்ற நான்கு கோடுகளை
அவளும் பார்த்திருக்கிறாள்.

மாதம் ஒரு முறை ரத்தம், தினம் ஒரு மாத்திரை,
தண்ணீர் நிறைய என்று
டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார்.
நான் இந்தியில் சொல்லிக்கொண்டே போனேன்,
சுவரைப் பார்த்து.

தரமணியில் செயலி எழுதும் பையன்களுக்கு எழுதினேன்:
தந்தை என்ற இடத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது,
'இன்னும் தெரியவில்லை' என்று மூன்றாவது வேண்டும்.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

நாளை படூர், நாற்பது கொட்டகை.
பூச்சு தீர்ந்துவிட்டது.
கடையில் ரோஸ் இல்லை, ஊதா இருந்தது.