காற்று என்று எழுதினோம்

காப்பீட்டு ஆள் வந்த அன்று
உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை.
இறால் ஐஸ்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்
என் கணவர் டெல்மாஸ்.
வீடு இருந்த இடத்தில் ஆறு சிமெண்ட் படிகள்,
ஏறினால் வானம்.

பையன்தான். ஒஹாயோவிலிருந்து வந்தவன்.
சேறு படாத காலணி.
மிசிசிப்பிக் கடலோரத்தில் அந்த மாதம்
அப்படியொன்றை நான் பார்த்தது
அவன் காலில் மட்டும்.
அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று:
முதலில் வந்தது காற்றா, தண்ணீரா?

காற்று என்றால் பணம்.
தண்ணீர் என்றால் வெள்ளம்,
வெள்ளத்துக்கு வேறு பத்திரம்,
அது எங்களிடம் இல்லை.

டெல்மாஸ் என்னைப் பார்த்தார்.
நான் படிகளைப் பார்த்தேன்.
காற்று, என்றேன்.
எத்தனை மணிக்கு?
பொய்க்கு மணி கேட்டால் என்ன சொல்வது,
ஐந்தேகால், என்றேன்.
கூரை போன சத்தம் எப்படி?
சரக்கு ரயில் போல.
எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இது.
மணி ஆறரை. கரண்ட் இல்லை.
கேஸ் அடுப்பில் காப்பி.
காலுக்கடியில் லினோலியம்
ரொட்டி போல உப்பியது.
குனிந்து பார்க்கிறேன்,
கதவிடுக்கில் கடல்,
பூனை நுழைவதுபோல, சத்தமே இல்லாமல்.
முழங்கால். இடுப்பு.
ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்து
என்னை இடித்துக்கொண்டு போனது.
காற்று அப்புறம்தான் வந்தது,
மிச்சத்தைப் பொறுக்க.

சன்னல் வழியே ஓக் மரத்துக்கு நீந்தினோம்.
ஆரஞ்சு நிற ஒயரால்
டெல்மாஸ் என்னைக் கிளையோடு கட்டினார்.
எதிர் மக்னோலியாவில் தியோட்டிஸ்,
தெருவின் பெயர்களை ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டார்,
வாத்தியார் வருகை எடுப்பதுபோல.
ராஸ்கோ! இருக்கிறேன்.
நியெம்! இருக்கிறேன், அம்மாவும் இருக்கிறார்.
ஆர்ஸீலியா!
ஆர்ஸீலியா!

அவர் மனைவி.

எதையாவது சொல்லியாக வேண்டும் என்று
நான் கத்தினேன்:
அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன், தியோட்டிஸ்!
மூன்று ஆள் உயரத் தண்ணீருக்கு மேலே
அவர் சிரித்தார்.
அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அதே பையன் அவரிடமும் போனான்.
காற்றென்று சொல்லிவிடுங்கள் என்று
முதல்நாளே போய்ச் சொல்லியிருந்தோம்.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
தியோட்டிஸ் சொன்னாராம்:
ஆர்ஸீலியாவைக் கொண்டுபோனது தண்ணீர்.
வேறு எதையும் நான் சொல்வதாக இல்லை.

எங்களுக்குக் காசோலை வந்தது.
தூண்கள்மேல் வீடு, புதுத் தரை.
அவருக்கு நிவாரண டிரெய்லர்,
அதைத் திருப்பி எடுத்துக்கொண்டபின்
அதைவிடப் பழைய ஒன்று.

நீர்மேல் எழுத்து நிற்காது என்பார்கள்.
நான் எழுதியது காகிதத்தில்.
முதல் வருடம் அது பொய்யென்று தெரிந்திருந்தது.
அப்புறம் மேல்முறையீடு, இன்னொரு ஆள்,
திரும்பவும் ஐந்தேகால், திரும்பவும் ரயில்.
ஓர் இரவு ரயில் சத்தம் கேட்டு
வியர்த்து எழுந்தேன்.
இப்போது கூரை பிய்வது கண்ணுக்குத் தெரிகிறது,
ஆணி ஆணியாக.
டெல்மாஸுக்கும் தெரிகிறதாம்.

இந்த ஆகஸ்டில் தீயணைப்பு நிலையத்தில் கூடினோம்.
சிவப்பு பீன்ஸ், சோறு, பிளாஸ்டிக் தட்டு.
நினைவுகளைச் சேகரிக்கிறேன் என்று
ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கல்லூரிப் பெண்.
என் முறை வந்தது.
முதலில் காற்றுதான், என்று ஆரம்பித்தேன்.
யாரும் கேட்கவில்லை அந்தக் கேள்வியை.
பணம் எப்போதோ செலவாகிவிட்டது.
ஆனாலும் வாய் போய்க்கொண்டே இருந்தது,
மணியோடு, சத்தத்தோடு,
எதிரில் தியோட்டிஸ் உட்கார்ந்திருக்கும்போதே.

அவர் மறுக்கவில்லை.
அந்தப் பெண் கருவியை மூடியபின்
தட்டை எடுத்துக்கொண்டு
என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.
இரண்டு வாய் சாப்பிட்டார்.
பிறகு, தட்டைப் பார்த்தபடியே,
"வெர்லீன்," என்றார்,
"அடுப்பை அணைத்தாயா?"