நாற்பத்தோராம் பக்கம்

பெட்டி இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன.
ஒவ்வொன்றும் பத்துத் தொன் குளிர்.
தொன் என்பது இங்கே எடையல்ல என்று
கனகேந்திரன் முதலாளிக்கு இரண்டு தரம் சொன்னேன்.
"அப்ப ஏன் கிறேன் பிடிச்சனீங்கள்?" என்றார்.

கரடிப்போக்குச் சந்தி, புடவைக்கடையின் மொட்டைமாடி.
காலை பத்தரைக்கே சப்பாத்தின் அடி இளகுகிறது.
முழங்காலில் பட்டியலை விரிக்கிறேன்.
இயந்திரம் தெரிவது சுலபம்.
அதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான்
ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வரி, சூடாக்கும் சுருள்.
பேனையால் ஒரு கோடு.
கிளிநொச்சிக்குச் சூடு விற்க
இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

அடுத்தது ஆலங்கட்டித் தடுப்பு வலை.
அதையும் வெட்டப் போனேன்.
தண்ணித் தாங்கியின் மேல்
குட்டியை வயிற்றில் கொளுவியபடி ஒரு குரங்கு
பெட்டியின் வயரையே பார்த்துக்கொண்டிருந்தது.
வெட்டப் போன கையால் சரி போட்டேன்.
ஆலங்கட்டிக்கு அல்ல என்று ஓரத்தில் எழுதினேன்.
கொழும்பில் நிரோஷன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

உப்புக்காற்றுப் பூச்சு வேண்டாம், கடல் தூரம்.
தூசி வடி, தடித்தது, இரண்டு மடங்கு.
சோளகம் எழும்பினால்
ஏ-நைன் றோட்டுக் கரையின் செம்மண் முழுக்கச்
சேலை வாங்க வரும்.

வெளிக்காற்றுக் கதவு.
வெளியே குளிர்ந்தால் மோட்டரை நிறுத்திவிட்டு
காற்றைத் தானாய் உள்ளே விடும்.
"சும்மா வாற காத்துக்கு
ஏன் பிள்ளை ரெண்டு லட்சம்?"
கணக்குச் சொன்னேன். மார்கழி, தை, கறண்ட் பில்.
அவர் வானத்தைப் பார்த்தார்,
கடன்காரனைப் பார்க்கிற மாதிரி.
"யோசிப்பம்" என்றார். யோசிப்பம் என்றால் இல்லை.
பிறகு நானே யோசித்தேன்:
மழைக்காற்று ஈரம். பட்டில் பூஞ்சணம் பிடிக்கும்.
சில நேரம் கஞ்சத்தனமும் சரியாய்த்தான் போகிறது.

புகை உணரி. அவரிடம் கேட்கவேயில்லை. சரி.

அடியிலிருந்து மூன்றாவது வரி, அதிர்வுதாங்கி.
"மேல இருக்கிற சாமான்.
ஆருக்குக் கேக்கப்போகுது?"
எனக்கும் அப்படித்தான் பட்டது. வெட்டினேன்.

மத்தியானம்
கிறேன் இறக்கிய மரக்கட்டையில் இருந்தபடியே
முதற் பெட்டியைச் சோதனைக்கு ஓடவிட்டேன்.
விசிறி வேகமெடுக்க
கொங்கிறீட் வழியே ஒரு தாழ்ந்த உறுமல்
கீழே இறங்கிப் போனது.
பின்னாலேயே நானும் படியால் இறங்கினேன்.

கைத்தறிப் பக்கம் நின்ற புஸ்பகலா
மடித்த சேலையை நெஞ்சோடு பிடித்தபடி
தூணோடு ஒட்டி நின்றாள்.
காசுப்பெட்டியில் இருந்தவர் எழும்பி வந்து
கதவு நிலைக்குக் கீழே.
சேலை பார்க்க வந்த இரண்டு பேர்
ஒருவரின் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.
அவர்கள் உறவில்லை என்று பிறகு தெரிந்தது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

புதிதாய்ச் சேர்ந்த பதினேழு வயதுப் பிள்ளை மட்டும்
"ஏசி வந்திட்டுதோ அக்கா?" என்று கேட்டாள்,
முகமெல்லாம் சந்தோசமாய்.

படியின் நடுவில் முதலாளி.
கைபிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

மேலே ஓடிப்போய் நிறுத்தினேன்.
நாற்பத்தோராம் பக்கம்.
வெட்டிய கோட்டின் மேலேயே சரி.
ஸ்பிரிங் எட்டு, றபர் எட்டு,
காற்றுக்குழாய் சேருமிடத்தில் கான்வஸ்.
அவர் விலை கேட்கவில்லை.
"எப்ப வரும்?" என்றார்.
மூன்று கிழமை.
"அதுவரைக்கும் போடாதேங்கோ."

பத்து நிமிடம் ஓடியதில்
வடிகுழாயின் வாயில் கொஞ்சம் தண்ணீர்.
குரங்கு இறங்கி வந்து
உள்ளே விரலை விட்டுப் பார்த்தது,
பிறகு மணிக்கட்டு வரைக்கும்.

அதற்கும் ஒரு மூடி எழுத வேண்டும்.